மடிக்கொழுந்து

ஈரப்பாறை எஸ்டேட்
9.6.2003

மாதா துணை.

மருமகள் பெனிட்டாவுக்கு உன் அத்தை பாக்கியம் எழுதுவது.

சொல்லாமல் போனவளுக்கு நான்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. உன் அண்ணன் வந்து உன்னைப் பிரசவத்துக்கு அழைத்துப்போன அன்று நான் கொழுந்துக் காட்டில் இருந்தேன். சின்னமனூர் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. கூடையோடு ரோட்டுக்கு ஓடி வருவதற்குள் பஸ் வளைவுக்கு வந்துவிட்டது. நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாய்.

போகட்டும். கால் வீக்கம் வடிந்ததா? உன் அம்மா வீட்டில் உப்பைக் குறைக்கச் சொல்.

ஒன்றாம் தேதியிலிருந்து புது ஒப்பந்தம் நடக்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போதே எங்களைத் தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். இளசுகளுக்கு ரோட்டுக்குக் கீழே உள்ள நல்ல காடு. எங்களைப் போன்ற கிழடுகளுக்கு மேலே, சோலை ஓரத்தில், கை வைத்தால் முற்றல் இலையாக வருகிற பழைய தேயிலைச் செடிகள். காட்டுமாட்டுச் சாணம் ஆவி பறக்கக் கிடக்கிறது. பனி மூடிவிட்டால் பத்தடிக்கு அந்தப் பக்கம் நிற்பது பாறையா மாடா என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் பொன்னுராஜிடம் கேட்டோம். "கிலோ கூட எடுக்கவுகளுக்குத்தான் நல்ல காடுன்னு ஒங்க சங்கமே கையெழுத்துப் போட்டுருக்கு. நான் என்ன ஆத்தா செய்ய?" என்றார்.

முன்பு பதினாறு கிலோ எடுத்தால் ஒரு பேர், முழு நாள் சம்பளம். இப்போது இருபத்தொன்று. குறைந்தால் அரைப்பேர். மாதத்தில் பாதி நாள் அரைப்பேர் விழுந்து, அப்படி மூன்று மாதம் தொடர்ந்தால், பெர்மனென்ட் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். உன் வீட்டுக்காரன் ஜீப் ஓட்டுகிறவன், அவனுக்கு எஸ்டேட்டில் பேர் கிடையாது. நம் வீடு நிற்பது என் பெயரில்தான் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் கை தூக்கினாய்.

இந்த வாரம் முழுக்க எனக்கு அரைப்பேர். தராசுப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. பேய்க்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாக்கியம்


அனுமந்தன்பட்டி
16.6.2003

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. பிள்ளை குறுக்கே கிடப்பதாக நர்ஸ் சொன்னார். திரும்பிவிடும் என்றும் சொன்னார். இரண்டில் முதலாவதுதான் என் காதில் விழுந்தது. எனக்கும் பயம் உண்டு, அத்தை. உங்களுக்கு மட்டும் அல்ல.

கை தூக்கினேன். இல்லை என்று சொல்லமாட்டேன். ஐந்து வருடமாக உங்களுக்குப் பக்கத்து வரிசையில், அதே மழையில், அதே அட்டைக்கடியில் கொழுந்து எடுக்கிறேன். உங்களுக்குப் பி.எஃப். உண்டு, நான் டெம்பரவரி. உங்கள் மகனைப் பெற்றபோது உங்களுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தார்கள். நான் பிள்ளை பெறப்போகும் நாளெல்லாம் ஆப்சென்ட். பிள்ளை பெற்று வருவதற்குள் என் பெயர் அங்கே இருக்குமா என்பதே சந்தேகம்.

இந்த ஒப்பந்தத்தில்தான் முதல்முறையாக எங்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெர்மனென்டில் ஓர் இடம் காலியானால், எடை காட்டிய டெம்பரவரிக்கு அந்த இடம். அது உங்கள் இடமாக இருக்கும் என்று நினைத்தா கை தூக்கினேன்? மாதாவுக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். முன்பு உங்களுக்கெல்லாம் நல்லபடியாக ஓர் ஒப்பந்தம் போட்டார்களே, அதன் கடைசியில் "இனிமேல் சேருகிறவர்களுக்கு இது பொருந்தாது" என்று ஒரு வரி இருந்ததாம். அதற்கு நீங்களும்தானே கை தூக்கினீர்கள்?

இருபத்தொன்று ஒன்றும் ஆகாத எடை இல்லை. புது அளவு போட ஆபீசில் எடை பார்த்த சோதனை மாதத்தில் வயிற்றுப் பிள்ளையோடு நான் எடுத்தேன். கூட்டத்தில் செயலாளர் கோட்டைச்சாமி அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏத்தா பெனிட்டா, இருபத்தொண்ணு முடியாதுன்னு நான் மேனேஜர்ட்ட சண்டை போட்டேன். மாசமா இருக்க பிள்ளையே எடுத்துருக்குன்னு அவுக ஒன் எடையக் காட்டுறாக. நெசந்தானா?" நிசம் என்று சொன்னேன். அதில் என்ன தப்பு? அன்றைக்கு உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. மருமகள் நாலு பேர் முன்னால் பேர் வாங்கியது பொறுக்கவில்லை என்றுதான் தோன்றியது.

கொஞ்சம் வேகமாகக் கையை வையுங்கள், வந்துவிடும்.

பெனிட்டா


ஈரப்பாறை
25.6.2003

பெனிட்டா,

நேற்றுக் காட்டுமாடு வந்தது. பனிக்குள் ஒரு மூச்சுச் சத்தம், அவ்வளவுதான். கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். அய்யம்மாள் வடிகால் கானில் விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு இன்று வேலைக்கு வந்தாள். லீவு போட்டால் அந்த நாளும் கணக்கில் குறையுமோ என்று பயம். ஒரு கையால் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். கொட்டிப்போன கொழுந்தைப் பொறுக்க ஒருவரும் திரும்பிப் போகவில்லை. எல்லாருக்கும் அரைப்பேர்.

ஆபீசில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். இந்த மாதம் பாதி நாள் அரைப்பேர் விழுந்ததற்கு முதல் எச்சரிக்கையாம். பள்ளிக்கூடத்தில்கூட நான் அடி வாங்காதவள்.

வேகமாகக் கை வைக்கச் சொல்கிறாய். உன் இருபத்தொன்றில் என் கையும் இருந்தது, தாயே. விடு, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் இதெல்லாம் எதற்கு.

நர்ஸ் சொன்னதைக் கேட்டதிலிருந்து சூசையப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். பிள்ளை திரும்பும்.

பாக்கியம்


அனுமந்தன்பட்டி
1.7.2003

அத்தை,

என்ன எழுதியிருக்கிறீர்கள்? உங்கள் கை எப்படி என் எடையில் வரும்? என் கூடையில் ஏதாவது போட்டீர்களா? உள்ளதைச் சொல்லுங்கள்.

யோசித்துப் பார்க்கிறேன். அந்த மாதங்களில் குமட்டல் வந்தால் நான் கூடையை வரிசையில் வைத்துவிட்டு ஓடைப் பக்கம் போய் உட்காருவேன். திரும்பி வந்து தூக்கினால் கனக்கும். வயிற்றுக் கனம்தான் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தேன். அத்தை, அது வயிற்றுக் கனம்தானே?

உடனே எழுதுங்கள்.

பெனிட்டா


ஈரப்பாறை
8.7.2003

மாதா துணை.

பெனிட்டா, இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் அடுப்பில் போடு. நம் தபால் பை ஆபீசில் பிரிக்கப்பட்டுத்தான் லைனுக்கு வருகிறது. நீ எழுதியதன் உறை ஓரம் ஈரமாக இருந்தது. மழையில் நனைந்ததா, யாரும் பிரித்து ஒட்டியதா, தெரியவில்லை. அதிலிருந்து பொன்னுராஜ் என்னைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது. இதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துச் சின்னமனூரில் பெட்டியில் போடச் சொல்கிறேன். இந்த விஷயத்தைப் பற்றித் தபாலில் எனக்குப் பதில் எழுதாதே.

நீ கேட்டது சரி. வயிற்றுக் கனம் இல்லை. நான் போட்டது.

மாசமாக இருப்பவளின் கூடையில் பக்கத்து வரிசைக்காரிகள் ஆளுக்கு இரண்டு கை கொழுந்து போடுவது இந்த மலையில் என்றைக்கும் உள்ள வழக்கம். மடிக்கொழுந்து என்போம். உன் வீட்டுக்காரன் என் வயிற்றில் இருந்தபோது அய்யம்மாள் போட்டாள். அதை யாரும் எடை பார்த்ததில்லை, கணக்கும் வைத்ததில்லை. உனக்கும் முதலில் போட வந்தார்கள். "எனக்கு யாரும் பிச்சை போட வேணாம்" என்று நீ அள்ளி வெளியே வீசினாய். அதனால்தான் நீ ஓடைக்குப் போன நேரம் பார்த்துப் போட்டேன். உன் வீம்பும் நிற்கட்டும், பேரும் விழட்டும் என்று நினைத்தேன். மூன்று கிலோ இருக்கும், சில நாள் நாலும் இருக்கும். அந்த அளவுக்கு என் எடை குறைந்தது. யாருக்கு என்ன நட்டம் என்று இருந்தேன்.

அது சோதனை மாதம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? உன் எடையை வைத்து அளவு போடுவார்கள், என் எடையை வைத்து எனக்குக் கிழடு என்று பேர் வைப்பார்கள் என்று கண்டேனா? கூட்டத்தில் நீ நிமிர்ந்து நின்று நிசம் என்று சொன்னபோது என் முகம் போனது பொறாமையில் இல்லை. எழுந்து சொல்லிவிடலாம் என்று காலை ஊன்றினேன். அதற்குள் கோட்டைச்சாமி அடுத்த பிரிவைப் படித்தார். அடுத்தவர் கொழுந்தைத் தன் கூடையில் காட்டினால், கொடுத்தவருக்கும் வேலை இல்லை, வாங்கியவருக்கும் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பழைய ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டாய். ஆமாம், கை தூக்கினேன். இனிமேல் சேருகிறவர் என்றால் அப்போது எங்களுக்கு யாரோ. அதற்கு ஒரு முகம் இருக்கவில்லை. அது நீயாக இருப்பாய் என்று தெரியாது.

மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் இல்லை என்பார்கள். இப்போது நம் இரண்டு பேர் மடியிலும் ஒரே கனம். வாயைத் திறக்காதே.

பாக்கியம்


அனுமந்தன்பட்டி
20.7.2003

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மகன் வந்து சொல்லியிருப்பார். பெண் பிள்ளை. கடைசி நேரத்தில் திரும்பிக்கொண்டாள். அந்த ராத்திரி நான் பட்ட பயத்தை நேரில்தான் சொல்ல முடியும். நெற்றியிலும் முறைப்பிலும் அப்படியே உங்களை உரித்து வைத்திருக்கிறாள். என் அம்மாவுக்கு அதில் வருத்தம்.

கோயில் விசேஷத்துக்கு வந்த கோட்டைச்சாமி அண்ணன் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்தார். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார்: "ஆகஸ்டு கழிஞ்சா ஒங்க அத்தை பேரு எடுபட்டுரும்மா. ஆனாலும் வீடு கைவிட்டுப் போகாது. எடை லிஸ்டுல நீதான் முன்னால நிக்க. அந்த எடத்துல ஒம் பேர எழுதச் சொல்லி நானே பேசிட்டேன்." பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவருக்குக் காபிகூடப் போட்டுக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

உங்கள் பெயரை அடித்து அதே இடத்தில் என் பெயரை எழுதுவார்களாம். எதை வைத்து எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்கு மேல் இங்கே எழுதவில்லை.

உடம்பு தேறியதும் மேலே வருகிறேன். பெரட்டில் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டால் தூங்குவேன்.

பெனிட்டா


ஈரப்பாறை
27.7.2003

பெனிட்டா,

இதையும் கண்டக்டர் கையில்தான் கொடுக்கிறேன். நீ வராதே. வந்தாலும் பெரட்டுப் பக்கம் போகாதே.

நீ நினைக்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? நானும் போவேன், நீயும் போவாய். லைனைக் காலி செய்யச் சொல்வார்கள். பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது? எனக்குக் கொழுந்து கிள்ளுவதைத் தவிர என்ன தெரியும்? தேனியில் இறங்கினால் ரோட்டைத் தாண்டவே எனக்குப் பயம்.

கோட்டைச்சாமி சொன்னபடியே நடக்கட்டும். என் பெயர் போய் உன் பெயர் வந்தால் வீடு நிற்கும். உனக்கு லீவு வரும், பி.எஃப். வரும், பிள்ளை வளரும். வாங்கிக்கொள். இதையும் மடிக்கொழுந்து என்று வைத்துக்கொள். இந்த முறை வெளியே வீசாதே.

இரண்டாவது எச்சரிக்கையும் வந்துவிட்டது. அதனால் இனிமேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு பயம்தான் எனக்கு. கேட்க வெட்கமாகவும் இருக்கிறது. வீடு உன் பெயருக்கு வந்த பிறகு, கை ஓய்ந்த கிழவியை அங்கன வைத்துக்கொள்வாயா? மேல் லைன் சுப்புத்தாயை அவள் மகனே கீழே ஆண்டிபட்டியில் விட்டுவிட்டு வந்தான். நீ அப்படிச் செய்யமாட்டாய் என்று பகலில் நினைக்கிறேன்.

பாக்கியம்


அனுமந்தன்பட்டி
2.8.2003

அத்தை,

பிள்ளையைப் பார்க்க வந்த உங்கள் மகன் கையில் இதைக் கொடுக்கிறேன். அவரிடம் வேறு ஒரு கடிதமும் இருக்கிறது. அது யாருக்கு என்று அவரைக் கேட்காதீர்கள்.

வைத்துக்கொள்வாயா என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் எழுதமாட்டேன். மேலே வந்ததும் உங்களோடு அதற்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

பெரட்டில் பேசமாட்டேன். நீங்கள் சொன்னது சரி, பேசினால் எல்லாம் போகும். ஆனால் உங்கள் இடமும் எனக்கு வேண்டாம். நீங்கள் பட்டியலில் இருக்கும்வரை நான் டெம்பரவரியாக இருந்துகொள்கிறேன். அடுத்து வேறு இடம் காலியானால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். பிள்ளைக்குச் செய்கிற துரோகமோ என்றுகூடத் தோன்றுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேல்காட்டுக்காரர்களும் கீழ்க்காட்டுக்காரர்களும் எடைக்குப் போகும் வழியில் குழாயடியில் கூடையை இறக்கி வைத்து முகம் கழுவுவோம் அல்லவா? வழக்கம்போல நீங்களும் இறக்கி வையுங்கள். நிதானமாக முகம் கழுவுங்கள். காலையும் கழுவுங்கள், அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி மட்டும் பார்க்காதீர்கள்.

வேறு எதுவும் சொல்லமாட்டேன். தெரியாமல் இருந்தால் விசாரணையில் நீங்கள் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

பெனிட்டா


ஈரப்பாறை
29.8.2003

மாதா துணை.

என் மகள் பெனிட்டாவுக்கு,

பேத்திக்கு முத்தம். முறைக்கிறாள் என்று எழுதினாயே, முறைக்கட்டும். இந்த உலகத்தில் அது வேண்டியிருக்கிறது.

முதல் நாள் குழாயடியில் கூடையை இறக்கி வைத்தேன். தண்ணீர் ஐஸாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் அடித்து அடித்துக் கழுவினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவரா, பலரா, தெரியாது. குழாயடியில் வாய் மூடாத அந்தப் பெண்கள் அன்றைக்கு இருமக்கூட இல்லை. கொழுந்து சரியும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அழுதேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கூடையைத் தூக்கினேன், தோள்பட்டை இறங்கியது. உன் கூடையில் போட்டபோது நீ எப்படித் தூக்கியிருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

தராசு முள் இருபத்தொன்றைத் தாண்டி நின்றது. பொன்னுராஜ் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். எனக்கு மூத்திரம் வந்துவிடும் போல இருந்தது.

"என்ன ஆத்தா, வயசு கொறையுதோ?" என்றார்.

"பேத்தி பெறந்துருக்கா சார். கை ஓடுது" என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற இளசுகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அளவுக்கு மேல் எடுக்கிற கிலோவுக்குக் கூடுதல் காசு வரும் என்று கை தூக்கிய பிள்ளைகள்தான். அன்றைக்கு அவர்களில் ஒருத்திக்கும் இருபத்தொன்றுக்கு மேல் அதிகம் ஏறவில்லை. பொன்னுராஜ் எழுதினார். தெரிந்து எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா, அது அவர் மனசுக்குத்தான் வெளிச்சம்.

அதிலிருந்து தினமும் இப்படித்தான். முந்தாநாளோடு இந்த மாதத்தில் முழுப்பேர் விழுந்த நாள் பாதியைத் தாண்டிவிட்டது. மூன்றாவது எச்சரிக்கை வரவில்லை. பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது. ஆனால் பயம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. முன்பு எனக்காக மட்டும் பயந்தேன். இப்போது எத்தனை பேருக்காகப் பயப்படுகிறேன் என்றுகூட எனக்குத் தெரியாது. என்றைக்காவது ஒருநாள் விசாரணை வைத்து யார் போட்டது என்று கேட்டால், மாதா மேல் ஆணையாக நான் பார்க்கவில்லை என்று சொல்லலாம். அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறேன்.

அய்யம்மாளுக்குக் கை இன்னும் சரியாகவில்லை. ஜூனில் எப்படியோ தப்பித்தவளுக்கு ஜூலைக்கும் இந்த மாதத்துக்கும் சேர்த்து இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. நாளையிலிருந்து குழாயடியில் என் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டாள்.

"பேசாம மூஞ்சியக் கழுவுடி" என்று மட்டும் சொன்னேன்.

பாக்கியம்